அட்டையின் மேல் விழுந்த உப்பு

மழை விட்ட மறுநாள் பால்காட்டுக்குள் போயிருப்பவர்களுக்கு அட்டையைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. கணுக்காலில் ஏதோ சில்லென்று இருக்கும். குனிந்து பார்த்தால் அது கடித்து, குடித்து, உப்பிப் போயிருக்கும். கெடாவின் கித்தாத் தோட்டங்களில் பால் வெட்டிய பெண்கள் அதைப் பிய்த்து எடுக்க மாட்டார்கள். வாய் தோலிலேயே தங்கிவிடும் என்பார்கள். ஒரு சிட்டிகை உப்பைத் தூவுவார்கள். அட்டை நெளியும், சுருங்கும், ஈரம் கக்கும், தானாகவே விழும்.

உப்பு அட்டையைச் சுடவும் இல்லை, நஞ்சூட்டவும் இல்லை. அதன் உடம்பிலிருந்த தண்ணீரை வெளியே இழுத்துவிட்டது, அவ்வளவுதான். மெல்லிய தோல் ஒன்றின் இரு பக்கமும் கரைசல்கள் இருந்தால், தண்ணீர் நீர்த்த பக்கத்திலிருந்து செறிந்த பக்கத்துக்கு நகரும். இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர். உப்பில் பிசறிய மாங்காய் ஒரே இரவில் சாடிக்குள் தண்ணீர் விட்டுச் சுருங்குவதும் இதே விதியால்தான்.

அட்டையையும் ஊறுகாயையும் ஆளும் இந்த விதி, இன்னும் அந்தரங்கமான ஓர் இடத்திலும் வேலை செய்கிறது. சுங்கைப் பட்டாணியில், பாக்கார் ஆராங் பக்கத்து மருந்தகம் ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். ஆணுறைப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் சிறு குழாய்களில் மசகு ஜெல் இருக்கும். உடலுறவின்போது உராய்வைக் குறைக்க உதவும் வழவழப்பான பொருள் அது. மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சிக்காகச் சிலர் வாங்குகிறார்கள். ஆணுறை கிழியாமல் இருக்கச் சிலர் வாங்குகிறார்கள். மருத்துவர் சீட்டு தேவையில்லை. யாரும் ஒன்றும் கேட்பதில்லை. வாங்குகிறவரும் மேலட்டையில் அச்சிட்டிருப்பதைப் படிக்க நிற்பதில்லை.

ஆனால் அந்தக் குழாய்க்குள் இருக்கும் கூழுக்கும் எச்ஐவி கிருமிக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள விஞ்ஞானிகளுக்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆயின. அந்தப் பாதையில் சென்னை வருகிறது, கெடாவின் எல்லைக்கு அப்பால் இருக்கும் தாய்லாந்து வருகிறது, ஓடில்லாத நத்தைகூட வருகிறது. முதலில் கிருமி எந்தச் சுவரைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்று பார்ப்போம்.

எச்ஐவியின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு தலைமுடியின் பருமனுக்குள் அறுநூறுக்கும் மேற்பட்ட கிருமிகளை வரிசையாக நிறுத்தலாம். இவ்வளவு சிறியது எந்தச் சுவரையும் ஊடுருவிவிடும் என்றுதான் தோன்றும். உண்மை அப்படியில்லை. யோனியின் உட்பரப்பு பல அடுக்கு அணுக்களால் ஆனது, கூரையில் ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல. கிருமி தேடிவரும் இரத்த வெள்ளணுக்கள் பெரும்பாலும் இந்த அடுக்குகளுக்குக் கீழேதான் காத்திருக்கின்றன. மேலடுக்குகள் முழுதாக இருக்கும்வரை பெரும்பாலான கிருமிகள் வாசலிலேயே நின்றுவிடும். மலக்குடலின் உட்பரப்பிலோ ஒரே ஓர் அடுக்குதான். அங்கே தொற்று எளிதாக நிகழ்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுவருக்கு மேலே ஒரு பசை பூசியிருக்கிறது. அதுதான் கோழை. மூக்கில் வரும் சளியின் உறவுக்காரி என்று இதை இளக்காரமாக நினைக்கிறோம். நுண்ணோக்கியில் அது நூல்களால் பின்னிய வலை. 2009இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒளிரும் சாயம் ஏற்றிய எச்ஐவி துகள்களைப் பெண்களின் கோழைக்குள் விட்டு அவை நகர்வதைப் படம்பிடித்தார்கள். கோழை இயல்பான புளிப்போடு இருந்தபோது, பலாப்பாலில் சிக்கிய ஈயைப்போலக் கிருமிகள் அசைய முடியாமல் நின்றன. அதே கோழையின் புளிப்பை எடுத்துவிட்டபோது அவற்றில் பல விடுபட்டு ஓடின.

வலையின் பிடி அப்படியானால் புளிப்பில் இருக்கிறது. அந்தப் புளிப்பு எங்கிருந்து வருகிறது? தயிரைப் புளிக்க வைக்கும் அதே குடும்பத்து நுண்ணுயிர்களிடமிருந்து! லாக்டோபாசில்லஸ் என்ற இந்தக் குடும்பத்தை யோனியில் முதன்முதலாக விவரித்தவர் ஜெர்மானிய மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன், ஆண்டு 1892. சுவரின் அணுக்கள் உதிரும்போது அவற்றிலிருந்து கிளைகோஜன் என்ற மாச்சர்க்கரை வெளிப்படும். அது உடைந்து வரும் சர்க்கரையைத் தின்று இந்த நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரக்கின்றன. வீட்டுக்காரி சோறு போடுகிறாள். காவற்காரன் காவல் நிற்கிறான்.

புளிப்பை அளக்க பிஎச் என்ற அளவுகோல் உண்டு. தண்ணீர் 7. எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்; ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு. ஆரோக்கியமான யோனியின் பிஎச் 3.8 முதல் 4.5 வரை. தயிரும் தக்காளியும் கிட்டத்தட்ட இந்த இடத்தில்தான் நிற்கின்றன. அதாவது தண்ணீரைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு அமிலம். பல நோய்க்கிருமிகளுக்கு அது பிழைக்க முடியாத ஊர்.

பல அடுக்குச் சுவர், அதன்மேல் பசை வலை, வலைக்குப் பிடி கொடுக்கும் புளிப்பு, புளிப்பைக் காய்ச்சும் நுண்ணுயிர்கள். இவ்வளவும் காசு கொடுத்து வாங்காதவை. கடையில் காசு கொடுத்து வாங்கும் பொருள் இவற்றை என்ன செய்கிறது என்பதுதான் இனி வரும் கதை.

1986ஆம் ஆண்டு நமக்கு இரண்டு வகையில் முக்கியமானது. மலேசியாவில் எச்ஐவி முதன்முதலில் பதிவானது அந்த ஆண்டில். இந்தியாவில் அது கண்டுபிடிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான், அதுவும் சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், செல்லப்பன் நிர்மலா என்ற இளம் மருத்துவர் பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடமிருந்து இரத்த மாதிரிகளைச் சேகரித்து, பரிசோதிக்க வேலூருக்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகளில் கிருமி இருப்பது தெரிந்தது.

அப்போது தடுப்புக்கு இருந்த முதன்மையான கருவி ஆணுறை. அதை அணிவதா வேண்டாமா என்பது ஆணின் முடிவு. பெண் தன் கையால், யாரிடமும் அனுமதி கேட்காமல், முன்கூட்டியே பூசிக்கொள்ளக்கூடிய ஒரு பொருள் இருந்தால்? கிருமியை வாசலிலேயே கொல்லும் ஜெல்? இந்தக் கனவுப் பொருளுக்கு நுண்ணுயிர்க்கொல்லி ஜெல் என்று பெயர் வைத்தார்கள். முதல் வேட்பாளர் ஏற்கெனவே கடையில் இருந்தது. அதுதான் நொனாக்சினால்-9.

நொனாக்சினால்-9 ஒரு வகைச் சவர்க்காரம். பாத்திரம் கழுவும் திரவம் எண்ணெய்ப் பிசுக்கைப் பிரிப்பதுபோல, இது கொழுப்பாலான உறைகளைக் கரைக்கும். விந்தணுவின் உறையைக் கரைப்பதால் கருத்தடைப் பொருளாகப் பல ஆண்டுகளாக விற்பனையில் இருந்தது. எச்ஐவிக்கும் கொழுப்புறை உண்டு. 1985இலேயே ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டில் இது எச்ஐவியை முடக்கியது. ஆணுறைகளின் மசகிலும் இதைக் கலந்தார்கள். இனி மனிதரில் உறுதிப்படுத்த வேண்டியதுதான் பாக்கி என்று நம்பினார்கள்.

1996இல் பெரும் ஆய்வு ஒன்று தொடங்கியது. பெனின், ஐவரி கோஸ்ட், தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளில், பாலியல் தொழிலில் இருந்த 892 பெண்கள் சேர்ந்தார்கள். நம் எல்லைக்கு அப்பால் ஹாட்யாயில் இருக்கும் பிரின்ஸ் ஆஃப் சோங்க்லா பல்கலைக்கழக மருத்துவர் ஒருவரும் ஆய்வுக் குழுவில் இருந்தார். பாதிப் பேருக்கு நொனாக்சினால் ஜெல். மீதிப் பேருக்கு அது கலக்காத வேறொரு ஜெல். எல்லாருக்கும் ஆணுறையும் ஆலோசனையும் கொடுக்கப்பட்டன. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது.

2000ஆம் ஆண்டு ஜூலையில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கூடிய உலக எய்ட்ஸ் மாநாட்டில் முடிவை அறிவித்தபோது அரங்கம் உறைந்திருக்கும். நொனாக்சினால் பயன்படுத்தியவர்களில் 59 பேருக்குத் தொற்று. மற்ற குழுவில் 45 பேருக்கு. கொல்ல வந்த மருந்து கதவைத் திறந்துவிட்டிருந்தது. நாளில் பலமுறை பூசியவர்களுக்கே ஆபத்து அதிகமாக இருந்தது.

காரணம் இப்போது எளிதாகத் தெரிகிறது. கிருமிக்கு மட்டுமா கொழுப்புறை? நம் உடம்பின் ஒவ்வோர் அணுவுக்கும் அதே கொழுப்புறைதான். சவர்க்காரத்துக்கு எதிரியும் வீட்டுக்காரனும் ஒன்று. கிருமியைக் கரைத்த கையோடு அது சுவரின் மேலடுக்குகளையும் அரித்தது. அரிப்பு கண்ட இடத்துக்கு உடம்பு வெள்ளணுக்களை அவசரமாக அனுப்பும். எச்ஐவி பிடிக்கத் தேடுவதே அந்த வெள்ளணுக்களைத்தான். ஆக, சுவரில் ஓட்டையும் விழுந்தது, ஓட்டைக்குப் பக்கத்தில் இரையும் வந்து குவிந்தது. மலக்குடலில் இன்னும் மோசம்: பூசிய 15 நிமிடத்துக்குள் அந்த ஒற்றை அடுக்கு தோல் உரிவதுபோல் உதிர்ந்ததை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 2007இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், நொனாக்சினால் கொண்ட கருத்தடைப் பொருள்கள் எச்ஐவியைத் தடுக்காது என்று மேலட்டையில் எச்சரிக்கை அச்சிடச் சொன்னது.

பாடம் கற்றாயிற்று, இனிச் சவர்க்காரம் வேண்டாம். அடுத்துச் சாதுவான பொருள் ஒன்றைத் தேடினார்கள். செல்லுலோஸ் சல்பேட் என்பது பருத்தியிலும் மரத்திலும் உள்ள நார்ப்பொருளிலிருந்து செய்வது. அது எதையும் கரைக்காது. கிருமியின் மேல் போர்வைபோல ஒட்டி, அணுவைப் பிடிக்கவிடாமல் செய்யும். 2005இல் ஆப்பிரிக்காவின் டர்பன், கம்பாலா, கொட்டொனு நகரங்களோடு கர்நாடகத்தின் பாகல்கோட்டையிலும் சென்னையிலும் ஆய்வு தொடங்கியது. சென்னைப் பகுதியில் சுனிதி சாலமன். 1986இல் கிருமியைக் கண்டறியக் காரணமாக இருந்தவர், இருபது ஆண்டுக்குப் பிறகு அதைத் தடுக்கும் ஜெல்லைத் தேடும் குழுவில் இருந்தார்.

2007 ஜனவரி இறுதியில் அந்த ஆய்வு பாதியில் நின்றது. இடைக்காலக் கணக்கைப் பார்த்த கண்காணிப்புக் குழுவுக்கு, ஜெல் பூசியவர்களிடையே தொற்று கூடுதலாகத் தெரிந்தது. முழுக் கணக்கு வந்தபோது 1,398 பெண்களில் ஜெல் குழுவில் 25 தொற்று, வெற்று ஜெல் குழுவில் 16. இந்த இடைவெளி தற்செயலாகவும் இருக்கலாம் என்றது புள்ளியியல். ஆனால் ஜெல் காப்பாற்றவில்லை என்பதில் ஐயமே இல்லை. பின்னர் ஆய்வுக்கூடத்தில் நுணுகிப் பார்த்தபோது ஒரு தடயம் கிடைத்தது. சுவரின் அணுக்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கும் பொருத்துகளை இந்தச் சாதுப் பொருள் தளர்த்தியிருந்தது. செங்கல் உடையவில்லை, செங்கல்லுக்கு நடுவே இருந்த சாந்து இளகியிருந்தது.

இந்த இரு தோல்விகளும் விஞ்ஞானிகளின் கேள்வியையே மாற்றின. அதுவரை கிருமி சாகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இனிச் சுவர் என்ன ஆகிறது என்றும் கேட்டாக வேண்டும். அப்படிக் கேட்க ஆரம்பித்ததும், மருந்தே கலக்காத சாதாரண மசகு ஜெல்கள்மேல் பார்வை திரும்பியது. அட்டையும் உப்பும் மறுபடி வரும் இடம் இது.

தண்ணீர் சார்ந்த ஜெல் எளிதில் காயாமல் இருக்கக் கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால் போன்ற இனிப்புக் கூழ்களைக் கலப்பார்கள். இருமல் மருந்தில் இருக்கும் கிளிசரின்தான், நஞ்சல்ல. ஆனால் தண்ணீரில் கரைந்த எந்தத் துகளும் தண்ணீரை இழுக்கும், உப்பானாலும் சரி, சர்க்கரையானாலும் சரி. இந்த இழுவிசையை ஊடுபரவல் செறிவு என்பார்கள். ஒரு கிலோ தண்ணீரில் எத்தனை துகள் கரைந்திருக்கிறது என்ற கணக்கு. அலகு மில்லி ஆஸ்மோல்.

எண்களைப் பாருங்கள். நம் இரத்தம் ஏறத்தாழ 290. யோனியின் ஈரமும் விந்தும் அதையொட்டியே இருக்கும். தஞ்சோங் டாவாய் கடற்கரையில் கைநிறைய அள்ளும் கடல்நீர் சுமார் 1,000. கடையில் விற்ற மசகு ஜெல்கள் சிலவற்றை அளந்தபோது அவை 2,000, 3,000 என்று ஏறி, 6,000ஐயும் தொட்டன! கடல்நீரைப்போல ஆறு மடங்கு. கண்ணில் கடல்நீர் பட்டாலே கசக்குகிறோம். இதையோ உடம்பின் மிக மென்மையான தோலில் பூசி அப்படியே விட்டுவிடுகிறோம். மேலடுக்கு அணுக்கள் தண்ணீரை இழந்து, ஊறுகாய் மாங்காயைப்போலச் சுருங்கி உதிர்கின்றன. 2007இல் மலக்குடலில் நடந்த ஆய்வொன்று செறிந்த ஜெல் அந்த ஒற்றை அடுக்கைச் சேதப்படுத்துவதைக் காட்டியது.

சரி, எந்த ஜெல் எவ்வளவு உறுத்தும் என்று மனிதருக்குக் கொடுக்குமுன் எப்படி அறிவது? பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் ஓர் அருமையான யோசனை பிறந்தது. ஓடில்லாத நத்தையைக் கூப்பிட்டார்கள். தோட்டத்தில் மழைக்குப் பின் காய்கறி இலையில் ஊருமே, அதன் இனம்தான். அதன் உடம்பே ஈரமான மென்தோல். உறுத்தினால் அதற்குத் தெரிந்த ஒரே தற்காப்பு கோழை சுரப்பது. நத்தையை எடை போட்டு, ஜெல்லின் மேல் சிறிது நேரம் விட்டு, கக்கிய கோழையை எடை போட்டார்கள். 2008இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது: செறிவு கூடக் கூட நத்தை அதிகம் கக்கியது. மிகச் செறிந்தவற்றில் அதன் தோலே சேதமானது. கோடிக்கணக்கில் விலைபோகும் கருவிகள் சொல்ல வேண்டியதை ஒரு நத்தை தராசுத்தட்டில் சொல்லிவிட்டது. உப்புப் பட்ட அட்டைக்கு நடந்ததை நம் பாட்டிமார் பார்த்தார்கள். கென்டில் அதை எடை போட்டார்கள், வேறுபாடு அவ்வளவுதான்.

2012இல் உலகச் சுகாதார நிறுவனமும் ஐ.நா. மக்கள்தொகை நிதியமும் கூட்டாக ஓர் அறிவுரையை வெளியிட்டன. மசகு ஜெல்லின் செறிவு 380க்குள் இருப்பதே சிறந்தது. ஆனால் அப்படிப்பட்டவை சந்தையில் அரிதாக இருந்ததால், இப்போதைக்கு 1,200ஐத் தாண்டக் கூடாது. அதாவது கடல்நீரை ஒட்டிய அளவு வரை பொறுத்துக்கொள்ளலாம். யோனிக்கான ஜெல்லின் பிஎச் 4.5ஐ ஒட்டியும், மலக்குடலுக்கானது 5.5 முதல் 7 வரையும் இருக்க வேண்டும். பாலிகுவாட்டர்னியம் என்று தொடங்கும் பொருளைத் தவிர்ப்பது நல்லது. ஆய்வுக்கூடத்தில் அது கலந்த ஜெல் எச்ஐவியின் பெருக்கத்தைக் கூட்டியிருந்தது.

இங்கே ஒரு நிதானம் வேண்டும். நொனாக்சினால் தீங்கு செய்தது மனிதரில் நேரடியாக நிறுவப்பட்ட உண்மை. செறிந்த ஜெல்களைப் பற்றிய சான்று தோலில், ஆய்வுக்கூடத்தில், நத்தையில் கிடைத்தது. அவற்றால் இத்தனை பேருக்கு எச்ஐவி வந்தது என்று கணக்குக் காட்டிய பெரும் ஆய்வு இல்லை. ஆகவே பயந்து ஜெல்லையே விட்டுவிடுவது தவறான முடிவு. வறண்ட உராய்வு தோலையும் கிழிக்கும், ஆணுறையையும் கிழிக்கும். வேண்டியது நல்ல ஜெல்லைத் தேர்ந்தெடுக்கும் அறிவு.

தேர்வில் இன்னொரு கண்ணி இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள நம் ஊர்க்காரர்களைவிடத் தகுதியானவர்கள் இல்லை, ஏனெனில் அது கித்தாப் பால் கதை. ஆணுறைகளில் பெரும்பாலானவை மரத்திலிருந்து வெட்டியெடுத்த பாலில் செய்தவை. ஜொகூரைச் சேர்ந்த காரெக்ஸ் நிறுவனம் உலகிலேயே மிக அதிகமாக ஆணுறை தயாரிப்பது. ஆண்டுக்கு ஐந்து பில்லியனுக்கும் மேல். நாலு மணிக்கே எழுந்து, பெரட்டுக்கு நின்று, நெற்றி விளக்கோடு பால் வெட்டிய தலைமுறைகள் வளர்த்த தொழிலின் ஒரு கிளை இது.

பாலுக்குள் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் மிதக்கின்றன. கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் சங்கிலிகளுக்கு இடையே முடிச்சு விழும். கயிறுகளாகக் கிடந்தது மீன்வலையாகிவிடும். அந்த வலையாலான, தலைமுடியளவே தடித்த படலம் இழுபடும், திரும்பும், கிருமியை அண்டவிடாது. தண்ணீருக்கு அது அசையாது. ஆனால் எண்ணெயும் கித்தாவும் ஒரே சாதி மூலக்கூறுகள். எண்ணெய் சங்கிலிகளுக்கு நடுவே நுழைந்து, அவற்றை விலக்கி, படலத்தை உப்ப வைத்து, வலுவைப் பறிக்கும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். சீனப் புத்தாண்டுக்குப் பக்கத்து வீட்டார் கொடுக்கும் ஆரஞ்சின் தோலை, ஊதிய பலூனுக்கு அருகே பிடித்துப் பிழியுங்கள். தெறிக்கும் எண்ணெய்த்துளி பட்டதும் பலூன் வெடிக்கும்! 1989இல் புரூஸ் வோலரும் அவருடைய கூட்டாளிகளும் இதையே ஆணுறையில் அளந்தார்கள். கனிம எண்ணெயில் வெறும் 60 நொடி. அவ்வளவில் ஆணுறையின் வலுவில் ஏறத்தாழ 90 விழுக்காடு போய்விட்டது. குழந்தைக்குப் பூசும் எண்ணெய், வாசலின், தேங்காய் எண்ணெய், வெண்ணெய் எதையும் கித்தா ஆணுறையோடு சேர்க்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். தண்ணீர் சார்ந்த ஜெல்லும் சிலிக்கான் ஜெல்லும் கித்தாவைத் தொடாது. சிலிக்கானில் தண்ணீரே இல்லாததால் செறிவுத் தொல்லையும் இல்லை.

பூசுவது ஒரு பக்கம் என்றால் கழுவுவது இன்னொரு பக்கம். மலேசியக் கடைகளில் வெற்றிலைச் சாறு கலந்த பெண்மைக் கழுவுநீர் கிடைக்கும். மலாய்க்காரர்கள் மஞ்சகானி என்றும் நாம் மாசிக்காய் என்றும் சொல்லும் துவர்ப்புக் காயும் பேறுகாலத்துக்குப் பின் இறுக்கம் தரும் என்று விற்கப்படுகிறது. சோப்பு, வினிகர், கிருமிநாசினி என்று உள்ளே கழுவும் பழக்கமும் பல நாடுகளில் உண்டு. சுத்தம் என்ற எண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் அங்கே துப்புரவுப் பணியாளர்கள் ஏற்கெனவே வேலையில் இருக்கிறார்கள். சோப்பு அவர்களைத்தான் முதலில் அடித்து விரட்டும்.

இதற்குக் கணக்கும் உண்டு. ஆப்பிரிக்காவில் நடந்த 13 ஆய்வுகளை, 14,874 பெண்களின் விவரங்களை, ஒன்றுசேர்த்து அலசிய ஆய்வு 2011இல் வெளியானது. உள்ளே சோப்புப் போட்டுக் கழுவியவர்களிடமும், துணியோ காகிதமோ கொண்டு துடைத்தவர்களிடமும், உலர்த்தவும் இறுக்கவும் பொருள் வைத்தவர்களிடமும் எச்ஐவி தொற்று கூடுதலாக இருந்தது. வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும் என்று மருத்துவர்கள் சொல்வதன் பின்னால் இந்தத் தயிர்க் குடும்பத்தின் மானம் இருக்கிறது.

அந்தக் குடும்பம் இல்லாமற்போனால் நல்ல மருந்தும் தோற்கும் என்பதுதான் இந்தக் கதையின் விசித்திரமான திருப்பம். 2010இல் வெளியான முடிவின்படி, தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டாலில் 889 பெண்களிடம் நடந்த ஆய்வில் டெனோஃபோவிர் மருந்து கலந்த ஜெல் தொற்றை 39 விழுக்காடு குறைத்தது. நடத்தியவர்கள் குரைஷா அப்துல் கரீம், சலீம் அப்துல் கரீம் தம்பதியர். முதன்முறையாக ஒரு ஜெல் வென்றது! ஆனால் அடுத்தடுத்த ஆய்வுகளில் அந்த வெற்றி திரும்பக் கிடைக்கவில்லை. பல பெண்கள் ஜெல்லை ஒழுங்காகப் பூசவில்லை என்பது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் 2017இல் தெரிந்தது. முதல் ஆய்வின் 688 பெண்களின் மாதிரிகளை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். தயிர்க் குடும்பம் ஆண்ட இடத்தில் ஜெல்லின் பலன் 61 விழுக்காடு. வேறு நுண்ணுயிர்கள் ஆண்ட இடத்தில் வெறும் 18. கார்ட்னரெல்லா என்ற நுண்ணுயிர் மருந்தையே சிதைத்துச் செயலிழக்கச் செய்துகொண்டிருந்தது. காவற்காரன் போன வீட்டில் புகுந்தவன், உள்ளே வைத்திருந்த மருந்தையும் தின்றுவிட்டான்.

அறிவியல் அதற்குப் பின் வேறு வழிகளில் நகர்ந்தது. மாதத்துக்கு ஒருமுறை மாற்றும் டாபிவிரின் வளையம், ஒரே சீராக மருந்தைக் கசியவிடும் சிலிக்கான் வட்டம். 2021இல் உலகச் சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது. தொற்று வருமுன் உட்கொள்ளும் மாத்திரையை மலேசிய அரசு சுகாதார நிலையங்கள் சில 2023 முதல் இலவசமாகத் தருகின்றன. ஆண்டுக்கு இரண்டே ஊசியாகப் போடும் லெனாகாபவிர் 2024இல் ஆப்பிரிக்காவில் 2,134 பெண்களைக் காத்தது. அவர்களில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. இவை இரத்தத்திலோ திசுவிலோ காவல் நிற்பவை. ஆயினும் சுவரின் மேல் தினமும் பூசும் பொருள் எது என்ற கேள்வி மாத்திரையாலும் ஊசியாலும் தீர்வதில்லை.

அடுத்த முறை கடையில் குழாயை எடுக்கும்போது மேலட்டையில் நாலைந்து சொற்களைத் தேடினால் போதும். தண்ணீர் சார்ந்ததா, சிலிக்கானா? கித்தா ஆணுறைக்கு ஏற்றது என்று இருக்கிறதா? நொனாக்சினால்-9 இல்லையே? பாலிகுவாட்டர்னியம் இல்லையே? பொருள்களின் பட்டியல் அளவு குறைவதற்கேற்ப எழுதப்படுவது. தண்ணீருக்கு அடுத்தபடியாகவே கிளிசரினும் கிளைக்காலும் நின்றால் செறிவு மிகுதி என்று ஊகிக்கலாம். சில நிறுவனங்கள் செறிவையும் பிஎச்சையும் அச்சிடத் தொடங்கியிருக்கின்றன. அச்சிடாதவற்றைப் பற்றி மருந்தாளரிடம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஏன் இவ்வளவு எண்ணும் கணக்கும்? எரிந்தால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். அட்டையை உப்புப் போட்டு விழவைத்த கையோடு, அந்த உப்பு கடிவாயில் பட்டால் சுரீர் என்று எரியும். உடனே தண்ணீரை ஊற்றிக் கழுவிவிடுவோம். கணுக்காலின் தோல் அப்படிக் கத்தும். யோனியின் உட்பகுதியிலும் மலக்குடலின் உட்புறத்திலும் வலி சொல்லும் நரம்புகள் மிகக் குறைவு. மேலடுக்கு உரிந்தாலும் அங்கிருந்து பெரும்பாலும் சத்தமே வராது. நொனாக்சினால் பூசிய பெண்கள் அதைத் தொடர்ந்து பூசியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அந்த மௌனமான இடத்துக்காகத்தான் கென்டில் ஒரு நத்தை கோழை கக்கியது; குழாயின் மேலட்டையில் 380 என்றோ 1,200 என்றோ ஓர் எண் இருக்கிறதா என்று நாம் தேட வேண்டியதும் அதற்காகத்தான்.